பால் பண்ணையில் மகளின் சீனியர் படங்கள்: எப்போது, எங்கே, எப்படி?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் இந்தச் செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். தோழிகள் எல்லோரும், பள்ளியின் கடைசி ஆண்டில் எடுத்துக்கொள்கிற சீனியர் போர்ட்ரெய்ட் படங்களுக்கு ஏரிக்கரை, பல்கலைக்கழக வளாகம் என்று இடம் பிடித்துவிட்டார்கள். இவளோ, இரண்டு கோடையாகக் கன்றுகளுக்குப் பாலூட்டும் வேலை பார்த்த பக்கத்துப் பால் பண்ணையில்தான் எடுக்க வேண்டும் என்கிறாள். பாவாடை தாவணியில் சில படங்கள், பள்ளி வேளாண் மாணவர் அமைப்பான எஃப்எஃப்ஏவின் நீல ஜாக்கெட்டில் சில. அப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஊரில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிற படத்தைச் சாணிக்கும் ஈக்கும் நடுவிலா எடுப்பது என்கிறார். பாதுகாப்பாக இருக்குமா, எந்த மாதம், எந்த நேரம், என்ன உடுத்துவது, பண்ணைக்காரரிடம் எப்படிக் கேட்பது என்று ஐந்து கேள்விகள். ஐந்தையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கேட்பது ஒரே கேள்விதான்: இன்னொருவரின் பிழைப்பு நடக்கிற இடத்துக்குள் நம் வீட்டு விசேஷத்தைக் கொண்டுபோகலாமா, போய்விட்டு யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வர முடியுமா? முடியும். கடிகாரத்தை மட்டும் பண்ணையின் கையில் கொடுத்துவிட வேண்டும்.

நான் மேடிசன் நகரைச் சுற்றியுள்ள ஊர்களில் பன்னிரண்டு ஆண்டுகளாக வார இறுதிகளில் இந்தப் படங்களை எடுத்து வருகிறேன். வார நாட்களில் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பண்ணை பண்ணையாகப் போய், புளிக்கவைத்த பசுந்தீவனமான சைலேஜும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரும் மாதிரி எடுத்து வருவேன். அதனால் பண்ணைகளைக் கேமராவோடு பார்த்ததைவிடக் கேமரா இல்லாமல் பார்த்ததே அதிகம். மாடு, பயிர், இயந்திரம், வெளிச்சம் பற்றிக் கீழே சொல்பவற்றை உறுதியோடு சொல்கிறேன். பள்ளி விதியும் காப்பீடும் இடத்துக்கு இடம் மாறுபவை. அவற்றுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் பள்ளியை முடித்துவிடுங்கள். சீனியர் போர்ட்ரெய்ட் என்ற ஒரே பெயரில் இங்கே இரண்டு வகைப் படங்கள் இருக்கின்றன. ஒன்று பள்ளி ஆண்டு மலரான இயர்புக்கில் பெயரோடு அச்சாகும் சின்னப் படம். மற்றது வீட்டுச் சுவருக்கும், பட்டமளிப்பு அழைப்பிதழுக்கும், மே, ஜூனில் வீட்டில் வைக்கிற விருந்தின் மேசைக்குமான படங்கள். முதலாவதற்குப் பல பள்ளிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன: நெட்டுவாக்கில், தோள்வரை, எளிய பின்னணி, கையில் எதுவும் கூடாது. சில பள்ளிகள் தாங்கள் ஒப்பந்தம் போட்ட ஸ்டுடியோ எடுத்த படத்தை மட்டுமே வாங்கிக்கொள்ளும். கடைசி நாள் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே வந்துவிடும். உங்கள் பள்ளியின் இயர்புக் ஆசிரியருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கன்றுக்குட்டி அந்தச் சின்னப் படத்தில் வர வாய்ப்பில்லை. வரத் தேவையும் இல்லை. பண்ணைக்கு நாம் போவது இரண்டாவது வகைக்காக.

இனி நேரம். புகைப்படக்காரர் யாரைக் கேட்டாலும், பொழுது சாய்வதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் அழகு என்பார். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் இரண்டு வேளை கறக்கிற பண்ணையில் காலை நான்கு, ஐந்து மணிக்கு ஒரு கறவை, மாலை நான்கு, ஐந்து மணிக்கு மறு கறவை. ஆகஸ்ட் நடுவில் மேடிசனில் சூரியன் மறைவது இரவு 8 மணியளவில், செப்டம்பர் நடுவில் 7 மணியளவில். நீங்கள் ஆசைப்படுகிற அந்தப் பொன் வெளிச்சம் வரும்போது மாலைக் கறவையும் அதையொட்டிய வேலைகளும் இன்னும் ஓய்ந்திருக்காது: மாடுகள் கறவைக் கூடத்துக்குப் போவதும் வருவதுமாக இருக்கும், தரையைக் கழுவுவார்கள், வீட்டில் இருக்கிற எல்லாக் கைகளுக்கும் வேலை இருக்கும். வேலியோரம் கேமராவோடு நிற்கிற புது முகத்தைப் பார்த்து முன்னால் வருகிற மாடு நின்றால் பின்னால் வருகிற எழுபதும் நின்றுவிடும். பண்ணைக்காரர் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அவருடைய இரவுச் சாப்பாடு அரை மணி நேரம் தள்ளிப்போகும்.

ஆகவே நான் காலையையே எடுத்துக்கொள்கிறேன். ஆகஸ்ட் நடுவில் சூரியன் 6 மணிக்கு எழுகிறது. கறவை முடிந்து தீவனம் தள்ளிவிட்ட பிறகு, ஆறரையிலிருந்து எட்டு மணிவரை வெயில் இன்னும் சாய்ந்தே இருக்கும். பள்ளத்தாக்கு உள்ள மேற்குப் பகுதிகளில் மூடுபனி வயல்மேல் படுத்திருக்கும். குளிர்ச்சியில் ஈத்தொல்லை குறைவு. மாடுகள் வரிசையாகத் தலையை நீட்டித் தின்றுகொண்டிருக்கும். அதைவிட அமைதியான வேளை பண்ணையில் கிடையாது. பதினேழு வயதுப் பிள்ளையைக் கோடை விடுமுறையில் ஐந்தரைக்கு எழுப்புவது கஷ்டம் என்று பெற்றோர் சொல்வார்கள். உங்கள் மகள் கன்றுக்குப் பால் கொடுக்க எழுந்து பழகியவள், அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. பெரிய பண்ணைகளில் மூன்று வேளை கறப்பதும் உண்டு, அங்கே கூடம் இரவும் பகலும் ஓயாது. எனவே எந்த நேரம் வரலாம் என்று கேட்பதைவிட, "உங்களுக்கு எந்த நேரம் கை ஓய்வு?" என்று கேளுங்கள்.

மாதத்தைப் பயிர் முடிவு செய்யும். குதிரைமசாலை இங்கே மே கடைசியில் தொடங்கி ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறையாக மூன்று, நான்கு அறுப்பு அறுக்கிறார்கள். அறுப்புக்கு முந்தைய வாரம் வயல் இடுப்பளவு இல்லாவிட்டாலும் முழங்காலுக்கு மேல் பச்சையாக, ஊதாப் பூ எட்டிப் பார்க்க நிற்கும். அறுத்த மறுநாள் வெறும் கட்டை. அதோடு, மழை இல்லாத இரண்டு நாள் கிடைத்தால் அவர்கள் அறுத்தே ஆக வேண்டும். அன்று உங்கள் படம் தள்ளிப்போகும். மக்காச்சோளம் ஆகஸ்டில் ஆளுயரம் தாண்டி நிற்கும். செப்டம்பரில் சைலேஜுக்கு வெட்டத் தொடங்கினால் ஆண்டிலேயே மிகக் கடுமையான வேலைநாட்கள் அவைதான், அப்போது போகவே வேண்டாம். சோயா மொச்சை செப்டம்பர் நடுவில் மஞ்சளாக மாறும் சில நாட்கள் இருக்கிறதே, அதற்கு ஈடாக எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். பிறகு இலை கொட்டி வெறும் குச்சியும் காயும்தான். எந்தத் தேதி என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, மழையும் விதைத்த நாளும் சேர்ந்து தீர்மானிக்கும். என் கணக்கில், கன்றும் கொட்டகையும் வருகிற படங்களை ஆகஸ்ட் முதல் பாதியில் ஒரு காலையிலும், வயல் படங்களைச் செப்டம்பரில் ஒரு மாலையிலும் எடுப்பது நல்லது. வயலோரம் நிற்கிற மாலைப் படத்தால் கறவைக்கு ஒரு இடைஞ்சலும் இல்லை.

பண்ணைக்காரரிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை, மகள் அங்கே வேலை செய்தவள் என்பதால். அவளே கேட்கட்டும். எத்தனை பேர் வருவோம், எவ்வளவு நேரம், எந்தெந்த இடம் என்று மூன்றையும் ஒரே தடவையில் சொல்லிவிட வேண்டும். பாட்டி, தாத்தா, சின்னத் தம்பி, தோழிகள் என்று எட்டுப் பேர் இறங்கினால் அது வேறு விஷயம். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள். தெரிந்த பண்ணை இல்லாத மற்ற பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்லலாம்: விஸ்கான்சினில் ஜூன் மாதத்தைப் பால் மாதமாகக் கொண்டாடுகிறார்கள், மாவட்டந்தோறும் ஏதாவது ஒரு பண்ணையில் காலை உணவு விருந்து வைத்து ஊராரை அழைப்பார்கள். குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டு, பேசி, பழகிக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை.

நம் குடும்பங்கள் மட்டும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கோடையில் ஊருக்குப் போய்விட்டு வந்திருக்கிறீர்களா? இந்தியாவில் கோமாரி நோய் இன்னும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1929க்குப் பிறகு அந்த நோய் கிடையாது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி "பண்ணைக்குப் போனீர்களா, கால்நடையைத் தொட்டீர்களா" என்று கேட்பது அதனால்தான். ஊர்த் தொழுவத்தில் நின்ற செருப்போடும் துணியோடும் இங்கே ஒரு பண்ணைக்குள் கால் வைக்கக் கூடாது. ஊரிலிருந்து வந்து குறைந்தது ஐந்து நாள் கால்நடை இருக்கிற இடத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வேளாண் துறையின் அறிவுரை. நான் இரண்டு வாரம் தள்ளியே தேதி கொடுப்பேன். தாத்தா பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களுக்கும் இதே கணக்குத்தான். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளிலும் பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, முன்பு கையசைத்து உள்ளே விட்ட சில பண்ணைகள் இப்போது வெளியாளை வாசலோடு நிறுத்துகின்றன. அவர்கள் மறுத்தால் வருத்தப்பட வேண்டாம். கழுவிய ரப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் தேய்த்துக் கழுவுங்கள். கோழிக் கொட்டகை, பன்றிக் கொட்டகை பக்கம் கேட்கவே கேட்காதீர்கள்.

பாதுகாப்பில் எனக்கு ஊசலாட்டமே கிடையாது. டிராக்டரின் பின்னால் இயந்திரங்களை ஓட்டுவதற்கு ஒரு தண்டு சுழலும், பிடிஓ என்பார்கள். வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு ஒன்பது சுற்று. துணியின் ஒரு நுனி அதில் மாட்டினால், "ஐயோ" என்று வாய் திறப்பதற்குள் ஆளை இழுத்து முடித்துவிடும். தாவணித் தலைப்பு, நீண்ட பின்னல், துப்பட்டா எல்லாம் அதற்கு இரைதான். டிராக்டரோடு படம் வேண்டும் என்றால் இஞ்சின் அணைந்து, சாவி பண்ணைக்காரர் பையில் இருக்க வேண்டும். தானியக் குதிருக்குள், தானிய வண்டிக்குள் ஏறவே கூடாது. தானியம் கீழே இறங்கிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் முழங்கால்வரை புதைந்து காலை எடுக்க முடியாமல் போகும், அரை நிமிடத்துக்குள் தலைவரை மூடிவிடும். சாணக்குழியின் பக்கம் அழகான சுவர் இருந்தாலும் வேண்டாம், அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆளைச் சாய்த்துவிடும். சைலேஜ் சேமித்து வைக்கிற சைலோவைப் புதிதாக நிரப்பியிருந்தால் அதில் முதல் மூன்று வாரம் நச்சு வாயு தங்கும், கிட்டே போகாதீர்கள். அந்தப் பெரிய உருண்டை வைக்கோல் கட்டு ஒன்றே 450 கிலோவுக்கு மேல்கூட இருக்கலாம். தரையில் தனியாகக் கிடக்கிற ஒன்றில் சாய்ந்து நிற்கலாம். அடுக்கி வைத்ததன் மேல் ஏறி உட்காருகிற படத்தை இணையத்தில் நூறு பார்த்திருப்பீர்கள், ஒன்றைக்கூட நான் எடுத்ததில்லை.

வயலோரத்தில் இரண்டு செடிகளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மூன்று இலையாக வருகிற, தொட்டால் தோல் தடித்து அரிக்கிற பாய்சன் ஐவி. மற்றது காட்டுப் பார்ஸ்னிப். ஜூன், ஜூலையில் சாலையோரமெல்லாம் மஞ்சள் பூக்குடை பிடித்து நிற்கும். அவ்வளவு அழகாக இருப்பதால் அதன் நடுவில் போய் நிற்கத் தோன்றும். அதன் சாறு தோலில் பட்டு மேலே வெயிலும் பட்டால் தீக்காயம் போலக் கொப்புளம் எழும், தழும்பு மாதக்கணக்கில் போகாது. மக்காச்சோள வரிசைக்குள் ஓடச் சொல்லாதீர்கள், இலையின் ஓரம் கையையும் கன்னத்தையும் கீறிவிடும். எந்த வயலுக்குள் இறங்குவதற்கு முன்பும் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். மருந்தைப் பொறுத்துச் சில மணி நேரத்திலிருந்து சில நாள்வரை உள்ளே போகக் கூடாத காலம் அதன் சீட்டிலேயே போட்டிருக்கும், பண்ணைக்காரர் பார்த்துச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் உண்ணி பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மாடு. நன்கு வளர்ந்த ஒரு ஹோல்ஸ்டீன் இனப் பசு சுமார் 680 கிலோ. அது கெட்ட பிராணி இல்லை, ஆனால் ஒதுங்கிக்கொள்ள வழி இல்லாத இடத்தில் உங்களைச் சுவரோடு நசுக்க அதற்குக் கோபமே தேவையில்லை. கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும், நேர் பின்னால் மட்டும் குருடு. தோள்பட்டைக்கு முன்னால் நின்று நெருங்கினால் பின்வாங்கும், தோளுக்குப் பின்னால் நின்று நெருங்கினால் முன்னால் நடக்கும். இது தெரிந்தால் கத்தாமல், தட்டாமல், இரண்டு அடி நகர்ந்தே மாட்டை வேண்டிய இடத்துக்குத் திருப்பலாம். மேய்ச்சல் நிலத்தில் இருக்கிற இளம் கிடாரிகளைத் துரத்தினால் ஓடிவிடும். வேலிக்கு வெளியே அமைதியாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு வந்து சுற்றி நின்றுவிடும். என் நல்ல படங்கள் பாதி அப்படி உட்கார்ந்து கிடைத்தவை. காளை கட்டியிருக்கிற அடைப்புக்குள் யாரும் போகக் கூடாது. பால் இனக் காளை அன்பாகவே தோன்றும், அதுதான் ஆபத்து. புதிதாகக் கன்று ஈன்ற பசுவின் பக்கமும் வேண்டாம். முகத்தில் வெளிச்சத்தைத் திருப்புகிற வெள்ளி ரிஃப்ளெக்டரைப் பட்டென்று விரிக்காதீர்கள்; தூரத்தில் விரித்து, மெல்ல நடந்து கொண்டுவாருங்கள். ஃபிளாஷை மாடுகள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது என் அனுபவம். அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், குதிரை இருக்கிற இடத்தில் நான் ஃபிளாஷை எடுப்பதே இல்லை.

கேட் விஷயத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாதம், ஒரு பண்ணையில் படம் முடித்துத் திரும்பும்போது திறந்து கிடந்த ஒரு கேட்டை யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சாத்திவிட்டு வந்தேன். கிடாரிகளின் தண்ணீர்த் தொட்டி அந்தக் கேட்டுக்கு அப்பால் இருந்தது. அன்று வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. மாலையில் பண்ணைக்காரர் கத்தல் கேட்டுப் போய்த் திறந்திருக்கிறார். கிடாரிகள் ஒன்றுக்கும் ஆபத்தில்லை, ஆனால் அவர் தொலைபேசியில் சொன்ன குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. திறந்திருந்த கேட் திறந்தே இருக்கட்டும், மூடியிருந்த கேட் மூடியே இருக்கட்டும். பண்ணையில் பிறந்து வளர்ந்தவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

உங்கள் மகளுக்குப் பொருத்தம் கன்றுகள்தான். வெள்ளைப் பிளாஸ்டிக் கூண்டுகளில் தனித்தனியாக இருக்கிற சின்னக் கன்றுகளை அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும், அவளையும் அவற்றுக்குத் தெரியும். பாலூட்டி முடித்த பத்து நிமிடத்தில் கன்று அமைதியாக இருக்கும். அதற்கு முன் போனால் தாவணி, விரல், கேமராப் பட்டை எதையும் சப்பாமல் விடாது. பால் வாளியோடு அவள் நடக்கிறபோது எடுங்கள், குனிந்து ஊட்டும்போது எடுங்கள். "சிரி" என்று சொல்ல வேண்டியிருக்காது. தெரியாத வேலையைச் செய்வதுபோல் நிற்க வைத்த படத்தை, ஒரு தடவை வைக்கோல்வாரியைப் பிடித்திருப்பவர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்; பிடித்திருக்கும் விதம் காட்டிக்கொடுக்கும். இவளுக்கு அந்தச் சங்கடம் இல்லை, வேலை அவள் கையில் இருக்கிறது. ஒன்று மட்டும்: இளம் கன்றின் கழிச்சலில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி இருக்கலாம், கைக்குத் தடவுகிற சானிடைசருக்கு அது சாகாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் அன்று வீட்டிலேயே இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு என் முதல் இடம் கொட்டகையின் பெரிய வாசல். வாசலுக்கு உள்ளே மூன்று, நான்கு அடியில் அவளை வெளியைப் பார்த்து நிறுத்துங்கள். வானம் முழுவதும் ஒரே மென்மையான விளக்காக முகத்தில் விழும், பின்னால் கொட்டகை இருளில் கரைந்துவிடும். நண்பகலில்கூட அங்கே படம் எடுக்கலாம். நம் நிறத்துக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. வெள்ளைக் கன்றுக்கூண்டு, வெள்ளைச் சுவர், கறுப்பு வெள்ளை மாடு எல்லாம் சட்டத்துக்குள் வந்தால் கேமரா அந்த வெள்ளையைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கும், முகம் மங்கிப்போகும். முகத்தில் வைத்து வெளிச்சத்தை அளந்துகொள்ளுங்கள். புல்வெளியும் சோளமும் தாடைக்கடியில் பச்சை நிழல் போடும், சிவப்புக் கொட்டகை கன்னத்தில் சிவப்பைப் பூசும். சுவரிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஃபிலிம் காலத்தில் கோடாக் அனுப்பிய ஷெர்லி அட்டை என்ற மாதிரிப் படம் ஒரு வெள்ளைப் பெண்ணுடையது. ஆய்வகங்கள் அவள் தோல்நிறத்தை வைத்தே வண்ணத்தைச் சரிசெய்தன, மாநிறமும் கறுப்பும் அந்தக் கணக்கில் இடம்பெற வெகுகாலம் ஆனது. இன்றைய கேமராக்கள் எவ்வளவோ தேறிவிட்டன. ஆனாலும் யாராவது தொழில்முறையாக எடுக்கிறார்கள் என்றால், மாநிறப் பிள்ளைகளை எடுத்த படங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். படத்தைத் திருத்தும்போது தோலை வெளுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.

நீங்களே எடுப்பதானால் 85 மி.மீ. லென்ஸ் போதும், கன்றோடு எடுக்கும்போது 100க்கு மேல் போங்கள், இல்லாவிட்டால் கன்றின் மூக்கு மட்டும் பூதாகரமாகத் தெரியும். கன்றும் பெண்ணும் ஒரே தூரத்தில் இருக்க மாட்டார்கள், ஆகவே இருவரும் தெளிவாக விழ, லென்ஸின் திறப்பை எஃப் 1.8இல் ஆசைப்படாமல் எஃப் 4இல் வையுங்கள். காது ஓயாமல் ஆடும், ஷட்டர் 1/500க்குக் கீழே வேண்டாம். கொட்டகைக்குள் மின்விளக்கு மட்டும்தான் என்றால் கதை மாறும்: இங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் நொடிக்கு 120 தடவை துடிக்கும். வேகமான ஷட்டரில் படத்தில் கோடு கோடாக விழுந்தால் 1/120க்கு இறக்குங்கள். கைபேசியில் எடுத்தால் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள், வைக்கோல் நுனியையும் கன்றின் காது மயிரையும் அது வெட்டி மழுக்கிவிடும். தொலைவு லென்ஸில் சாதாரணமாக எடுத்ததே அழகாக இருக்கும்.

பாவாடை தாவணி தாராளமாக உடுத்தட்டும். பட்டு வேண்டாம். வைக்கோல் முள்ளில் ஜரிகை சிக்கும், கன்று சப்பினால் கறை போகாது. மதுரைச் சுங்குடி மாதிரி பருத்தி, மெரூன் அல்லது கடுகு மஞ்சள், பச்சை வயலுக்கு முன் எடுப்பாக நிற்கும். அதை வயலோரம், பண்ணைக்குள் போகிற மண்பாதை, கொட்டகை வாசல் ஆகிய இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கன்றிடம் போகும்போது அவள் தினம் போடுகிற ஜீன்ஸும் பூட்ஸும். நீல ஜாக்கெட் பற்றி: எஃப்எஃப்ஏ 1928இல் கான்சாஸ் சிட்டியில் தொடங்கிய பள்ளி வேளாண் மாணவர் அமைப்பு. அந்த நீலக் கார்டுராய் ஜாக்கெட் 1933இலிருந்து அதன் சீருடை, 1969வரை அதைப் போடும் உரிமை தேசிய அளவில் பெண்களுக்கு இல்லை. உறுப்பினர் மட்டுமே அணிய வேண்டும், ஜிப்பைக் கழுத்துவரை ஏற்ற வேண்டும் என்பதை அவர்கள் மிகவும் மதிக்கிறார்கள். ஆசைக்குத் தங்கைக்குப் போட்டு எடுக்காதீர்கள். முதுகில் மாநிலப் பெயரும் ஊர்ப் பெயரும் தைத்திருக்கும், ஆகவே ஒரு படம் பின்புறமிருந்து, அவள் மாடுகளைப் பார்த்து நிற்பதாக எடுங்கள்.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. ஐயா, உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. சாணி அள்ளுகிற வேலையிலிருந்து பிள்ளைகளை வெளியே கொண்டுவரத்தான் நம்மில் பலருடைய பெற்றோர் பாடுபட்டார்கள், என் அப்பாவும் அப்படித்தான். உங்கள் மகள் அந்த வேலைக்குத் தள்ளப்படவில்லை, விடிகாலையில் எழுந்து தானே தேடிப்போய்ச் செய்திருக்கிறாள். ஏரிக்கரையில் எடுத்தால் அழகான பெண் ஒருத்தியின் படம் கிடைக்கும், இங்கே எடுத்தால் உங்கள் மகளின் படம் கிடைக்கும். ஊருக்கு அனுப்ப வயலோரத் தாவணிப் படங்கள் இருக்கின்றன. என்றாலும் கன்றோடு எடுத்ததில் ஒன்றை ஊரில் மாடு வைத்திருக்கிற யாருக்காவது அனுப்பிப் பாருங்கள், எத்தனை லிட்டர் கறக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

காப்பீடும் சட்டமும் என் துறை இல்லை. மகள் சம்பளத்துக்கு வேலை பார்த்த இடம் என்றாலும் படம் எடுக்க வருகிற அன்று நீங்கள் விருந்தாளிகள். காசு கொடுத்து இடத்தை வாடகைக்கு எடுத்தால் இன்னொரு நிலை. இரண்டுக்கும் பண்ணையின் காப்பீட்டு முகவர் வேறு வேறு பதில் சொல்லக்கூடும். பண்ணைக்காரர் அவரிடம் ஒரு தடவை பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. தொழில்முறைப் புகைப்படக்காரர் வருகிறார் என்றால் அவரிடம் பொறுப்புக் காப்பீட்டுச் சான்று கேளுங்கள். ட்ரோன் வேண்டாம், மாடுகள் அந்தச் சத்தத்துக்கு மிரள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

படங்கள் வந்ததும் பண்ணைக்காரர் குடும்பத்துக்கு ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுங்கள். மகள் இல்லாத படமாக, அவர்களுடைய கொட்டகையும் மாடுகளும் காலை வெளிச்சத்தில் இருப்பதாக ஒன்று. தினமும் அங்கேயே இருப்பவர்களிடம் அப்படி ஒரு படம் இருப்பதே இல்லை. நான் போன வீடுகளில் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். கன்றின் காதில் தொங்குகிற மஞ்சள் எண் அட்டை அசிங்கமாக இருக்கிறது என்று புகைப்படக்காரர் கணினியில் அழித்துவிடப் பார்ப்பார், அழிக்க விடாதீர்கள். இன்னும் இரண்டு ஆண்டில், உங்கள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கன்று முதல் கன்றை ஈன்று கறவைக்கு வந்திருக்கும். விடுமுறையில் வந்து அதை மந்தையில் தேடிப் பிடிக்க அவளுக்கு அந்த எண் வேண்டும்.